கௌரவம் வள்ளிக்கு, அடுப்பு மரவள்ளிக்கு: இக்போ கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பம்

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களின் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பம் எப்படி வாழ்கிறது, என்ன பயிரிடுகிறது, அவர்கள் கொண்டாடும் ‘யாம்’ என்பது நம் சேனைக்கிழங்குதானே என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் தடுமாறினால் மற்ற இரண்டும் பிடிபடாது.

சேனை இல்லை. சேனை ஒற்றைத் தண்டில் குடை விரித்தாற்போல் நிற்கும் செடி. இது கம்பத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி. யாழ்ப்பாணத்தார் களி கிண்டும் இராசவள்ளியும் கன்னியாகுமரிப் பக்கம் காச்சில் என்று சொல்வதும் இதன் பங்காளிகள். இக்போக்காரர்கள் உயிராக நினைப்பது மேற்கு ஆப்பிரிக்காவிலேயே பிறந்த வெள்ளை வகை. நல்ல கிழங்கு ஒன்று முழங்கையளவு நீளம் இருக்கும். மூன்று நான்கு கிலோ நிற்கும். மேல்தோல் மரப்பட்டை போல, உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. ‘யாம்’ என்று எழுதினால் தமிழில் ‘நாம்’ என்று பொருள் வந்து தொலைக்கிறது. ஆகவே வள்ளி என்றே எழுதுகிறேன். சர்க்கரைவள்ளியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதன் எதிராளி மரவள்ளி. அந்த ஊர் விவசாயக் குடும்பத்தின் கதையில் பாதி இந்த இரண்டு கிழங்குகளுக்கும் நடக்கும் போட்டிதான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், 1979 முதல் 1983 வரை உமுவாஹியா என்ற இக்போ நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். அந்த நாளில் நைஜீரியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தோம். எனக்கு வாடகைக்குக் கிடைத்த இரண்டு அறைகளின் ஜன்னலைத் திறந்தால் ஒரு விவசாயக் குடும்பத்தின் முற்றம். எழுபதைத் தாண்டிய ஒரு விதவைத் தாய், நாற்பத்தைந்து வயது மகன், மருமகள், ஐந்து பேரப்பிள்ளைகள். அந்தப் பக்கத்து வழக்கப்படி மூத்த பெண்ணை ‘டா’ என்றும் மூத்த ஆணை ‘டீ’ என்றும் முன்னொட்டு வைத்துத்தான் கூப்பிட வேண்டும். வெறும் பெயரைச் சொல்வது மரியாதைக் குறைவு. எழுபது வயது அம்மாளைப் பார்த்து ‘டா’ என்று சொல்ல என் நாக்கு மூன்று மாதம் கூசியது. இனி நான் டா என்றால் அந்தத் தாய், டீ என்றால் அவர் மகன்.

‘பண்ணை’ என்ற சொல்லைக் கேட்டதும் வேலி போட்ட ஒரே நிலத்தை மனதில் வைத்துக்கொள்வீர்கள். அங்கே அப்படி எதுவும் கிடையாது. வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம். ஊருக்கு வெளியே ஆறேழு இடங்களில் துண்டு துண்டாகக் கொல்லைகள். எல்லாம் சேர்த்தால் ஒரு ஹெக்டேரைத் தொட்டாலே பெரிது.

வீட்டுத் தோட்டத்தை முதலில் பார்க்கும்போது காடு என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் தற்செயலாக முளைத்தது என்று அதில் எதுவுமே இல்லை. மேலே எண்ணெய்ப்பனை, பலாவுக்குத் தூரத்து உறவான உக்வா மரம், கோலாக்கொட்டை மரம், நாவல் நிறத்தில் காய்க்கும் உபே. அதற்குக் கீழே வாழை. அதற்கும் கீழே சேம்பு, கசப்புக்கீரை, மிளகாய், வெண்டை. பந்தலில் உகு என்னும் பூசணி வகைக் கொடி. அதன் காயை விடக் கீரைக்குத்தான் மதிப்பு. ஆட்டுப் பட்டியின் எருவும் அடுப்புச் சாம்பலும் குப்பையும் இந்தத் தோட்டத்தைத் தாண்டி வெளியே போவதில்லை. ஆகவே வீட்டை ஒட்டிய மண் கறுத்துக் கிடக்கும். நூறு தப்படி நடந்தால் மண் வெளிறிய சிவப்புக்கு மாறிவிடும். அந்தப் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மணற்பாங்கான புளித்த மண்ணிலிருந்து சத்தையெல்லாம் அந்த மழையே கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீர் போதவில்லை என்ற புலம்பலை அங்கே நான் அதிகம் கேட்டதில்லை. மண் சோர்ந்துவிட்டது என்ற புலம்பலைத்தான் கேட்டேன்.

அதனால்தான் தரிசு போடும் முறை. ஊரின் வெளிநிலம் பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த ஆண்டு எந்தத் தொகுதியைத் திறப்பது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். அந்தத் தொகுதியில் அவரவர் துண்டில் எல்லாக் குடும்பங்களும் ஒரே ஆண்டில் பயிர் வைக்கும். பிறகு எல்லோரும் சேர்ந்தே அதை விட்டுவிடுவார்கள். தரிசில் சும்மா புதர் மண்ட விடுவதும் இல்லை. அஹாபா என்ற குறுமரத்தை வரிசையாக வளர்ப்பார்கள். அதன் இலை உதிர்ந்து மண்ணை மீட்கும். கிளைகள் வள்ளிக்கொடிக்குக் கம்பமாகும். டாவின் இளமையில் ஒரு துண்டு ஏழாண்டு ஓய்வெடுக்குமாம். நான் போனபோது அது மூன்றாண்டாகியிருந்தது. மக்கள் நெருக்கம் அப்படி: இக்போ நாட்டின் நடுப்பகுதி ஆப்பிரிக்காவிலேயே மிக நெருக்கமான கிராமப்புறங்களில் ஒன்று.

ஏர் கிடையாது, காளையும் கிடையாது. செட்சி ஈ பரப்பும் நோய் மாடுகளைக் கொல்வதால் ஏருக்குக் காளை பழக்கும் வழக்கம் அங்கே உருவாகவே இல்லை. நோயைத் தாங்கும் திமிலில்லாத குட்டை மாட்டினம் ஒன்று உண்டு. அது சடங்குக்கும் பலிக்கும்தான். உழவு என்றால் மனித முதுகு, குட்டைக் கைப்பிடி போட்ட அகல மண்வெட்டி, ஒரு வெட்டரிவாள். அந்த மண்வெட்டியைப் பிடித்து அரை நாள் குனிந்து பார்த்த பிறகுதான், இவர்கள் ஏன் சின்ன நிலத்தோடு நின்றுகொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. வயலில் வேலை செய்பவரைக் கடந்து போகும் எவரும் ‘ஜிசியே இகே’ என்று சொல்லாமல் போவதில்லை. வலுவாக இரு என்று பொருள். சொல்லாமல் போனால் அது அவமதிப்பு.

வள்ளிப் பயிர் ஆணுடையது. ஜனவரி, பிப்ரவரியில் புதரை வெட்டி எரிப்பார்கள். மார்ச் கடைசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் முழங்கால் உயரத்துக்கு மண்மேடுகள் கூட்டுவார்கள். எபோன்யி மாநிலத்துப் பக்கம் தண்ணீர் தேங்கும் நிலம் என்பதால் மேடு இன்னும் பெரிதாக இருக்கும். விதை என்று தனியாக எதுவும் இல்லை. கிழங்கையே வெட்டித்தான் நட வேண்டும். டீ உட்கார்ந்து கிழங்கு வெட்டும் காலையில் பேச்சே இருக்காது. தலைப்பகுதி முதலில் முளைக்கும் என்பதால் அதைத் தனியாக வைப்பார். நடுத்துண்டும் வால்துண்டும் வேறு வேறு குவியல். வெட்டுவாயில் சாம்பலைத் தடவி நிழலில் உலரவிடுவார். நட்ட பிறகு மேட்டின் தலையில் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லைத் தொப்பி போல வைத்து, அதன் மேல் மண்ணைத் தூவி அமுக்குவார்; வெயில் துண்டை வேகவைத்துவிடாமல் இருக்க. கொடி முளைத்ததும் கம்பம் ஊன்ற வேண்டும். நுனி முறியாமல் எடுத்து அதில் சுற்றிவிட வேண்டும். மேட்டின் உச்சி அவருடையது. சரிவுகளில் மனைவி மக்காச்சோளம், வெண்டை, எகுசி எனும் முலாம்பழ விதைப்பயிர் எல்லாம் ஊன்றுவாள். ஒரே மண்மேடு, உச்சி ஒருவர் கணக்கு, சரிவு இன்னொருவர் கணக்கு.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குடும்பம், ஒரு விவசாயம். உள்ளே போனால் தனித்தனிக் கணக்குகள். ஆண் வள்ளி நடுவான், பனை ஏறுவான். பெண்ணுக்குச் சேம்பு, மரவள்ளி, காய்கறி. பனங்குலையை வெட்டி இறக்குவது ஆண். வேகவைத்து, இடித்து, பிழிந்து சிவப்பு எண்ணெய் எடுப்பது பெண்ணின் உழைப்பு. எண்ணெய் விற்ற காசில் கணவனுக்குப் பங்கு. நார் நீக்கிய கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு முழுக்க அவளுக்கே. மத்தியானத்தில் டா ஒரு தட்டைக் கல்லின் மேல் கொட்டையை நிறுத்தி, இன்னொரு கல்லால் ஒரே தட்டில் பருப்பு நசுங்காமல் உடைப்பார். நான் முயன்றபோது என் கட்டைவிரல்தான் நசுங்கியது. அந்தக் காசு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத காசு. பேரனுக்குப் பள்ளிச் சட்டை அதில் வந்தது. (நம் ரேஷன் கடைப் பாமாயிலின் மூதாதையும் இந்த மேற்கு ஆப்பிரிக்கப் பனைதான். 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளிலிருந்து தென்கிழக்கு ஆசியாவின் பனந்தோட்டங்கள் பெருகின.)

பெண்ணின் தனிக்கணக்கில் கை வைத்தால் என்ன ஆகும் என்று பிரிட்டிஷார் 1929 நவம்பரில் கற்றுக்கொண்டார்கள். உமுவாஹியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓலோகோ என்ற ஊர். முற்றத்தில் பனையெண்ணெய் பிழிந்துகொண்டிருந்த நுவான்யெருவா என்ற பெண்ணிடம் கணக்கெடுக்க வந்த ஆள், உன் ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிச் சொல் என்றான். எண்ணினால் அடுத்தது வரி என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்களுக்கு அப்படித்தான் வந்திருந்தது. பனையெண்ணெய் விலை வேறு சரிந்துகிடந்த நேரம். உன் அம்மாவை யாராவது எண்ணினார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சந்தை சந்தையாகச் செய்தி பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். காலனி அரசு நியமித்த தலைவர்களின் வீடுகளையும் நீதிமன்றங்களையும் முற்றுகையிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். பிரிட்டிஷார் கலவரம் என்று எழுதிவைத்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் போர் என்கிறார்கள்.

இப்போது மரவள்ளி. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த செடி. ஆப்பிரிக்கக் கரையை எட்டிப் பல நூற்றாண்டு ஆன பிறகும் இக்போ உள்நாட்டில் மதிப்பில்லாமல் கிடந்தது. 1918 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோனபோது வள்ளிக்கு மேடு கட்டக் கையில்லை. கொம்பை ஒடித்துச் செருகினாலே வளரும் மரவள்ளி அப்போதுதான் வேகமாகப் பரவியது. வள்ளிக்கு உள்ள சடங்கு, கௌரவப் பட்டம், தெய்வம் எதுவும் இதற்கு இல்லை. ஆண்கள் இதைப் பெண்கள் பயிர் என்று ஒதுக்கியே வைத்தார்கள். ஆனால் நான் ஜன்னல் வழியே பார்த்த அடுப்பில் பத்து நாளில் எட்டு நாள் வெந்தது மரவள்ளிதான்.

அதில் நஞ்சு உண்டு என்பதால் சமையலுக்கு முன் நாலு நாள் வேலை. காரி எனும் வறுத்த மரவள்ளி ரவை செய்யும் முறையைச் சொல்கிறேன். தோல் சீவிய கிழங்கைத் துருவ வேண்டும்; ஆணியால் துளைபோட்ட தகரத்தில் துருவித் துருவி டாவின் விரல்முட்டிகள் தழும்பேறிக் கிடந்தன. பிறகு ஊரில் மோட்டார் துருவல் இயந்திரம் வந்தது; பெண்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். துருவலைக் கோணியில் கட்டி, மேலே கல்லேற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். புளித்த நீர் வடியும். தெருமுழுக்க அந்தப் புளிப்பு வாடை. பிறகு சலித்து, அகன்ற இரும்புச் சட்டியில் வறுக்க வேண்டும். மருமகள் புகைக்கு முகத்தை ஒரு பக்கம் திருப்பி, சுரைக்குடுக்கைத் துண்டால் அழுத்தி, பிறகு விசிறி, மறுபடி அழுத்துவாள். ஈரமாக இருக்கும்வரை சட்டியில் சத்தமே வராது. பதம் வரும்போது மணல் உரசுகிற ஒலி கேட்கும். அவள் பார்ப்பதில்லை, கேட்டுத்தான் இறக்குவாள். ஒரு துளி பனையெண்ணெய் விட்டால் மஞ்சள் காரி. வெந்நீரில் கிளறினால் களி; பொழுது இல்லாதபோது குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடும்.

களியை மெல்லக் கூடாது. உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். நான் மெல்லுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துப் புரண்டன.

அவர்கள் வாரத்துக்கு நாலே நாள்: எகே, ஒரியே, ஆஃபோ, ந்க்வோ. ஒவ்வோர் ஊர்ச் சந்தையும் இவற்றில் ஒன்றைத் தன் நாளாக வைத்திருக்கும். எந்த நாளில் மண்ணை வெட்டக் கூடாது என்பதும் இதை ஒட்டித்தான். பள்ளியும் தேவாலயமும் ஏழு நாள் வாரத்தில் ஓடும். ஆகவே இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ஊர்ச் சந்தையும் ஞாயிற்றுக்கிழமையும் மோதிக்கொள்ளும். அன்று பாதிரியார் பூசையைச் சீக்கிரம் முடித்துவிடுவார். மார்க்கெட் நாளில் என் வகுப்பில் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் வரமாட்டார்கள். முதலாண்டு கண்டித்தேன், இரண்டாமாண்டு தேர்வுத் தேதி குறிக்கும் முன் நானே விரல்விட்டு எகே, ஒரியே எண்ணினேன்.

பிள்ளைகளுக்கு விடியலில் வேலை தொடங்கிவிடும்: ஈர்க்குமாற்றால் முற்றம் பெருக்குவது, ஓடைக்குத் தண்ணீருக்குப் போவது, கட்டிப்போட்ட ஆடுகளுக்குத் தழை ஒடிப்பது. ஆதாயமும் உண்டு. உடாரா பழத்தை மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. விழுந்தால் எடுத்தவனுக்குச் சொந்தம். அதனால் பருவத்தில் இருட்டோடு எழுந்து மரத்தடிக்கு ஓடுவார்கள். முதல் மழை இரவில் விளக்கின் கீழ் தண்ணீர்த் தட்டு வைத்து ஈசல் பிடிப்பார்கள். ஜூன், ஜூலையில் சுட்ட சோளமும் சுடுசாம்பலில் மெத்தென்று ஆக்கிய உபேயும். அந்த மாதங்களில் வேறு அதிகம் கிடைக்காது என்பதும் உண்மை. பழைய கிழங்கு தீர்ந்து புதியது வராத காலம் அது. அதற்கு ‘உன்வு’ என்றே பெயர். விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறுநடவுக்கு எடுத்துவைக்க வேண்டிய பயிர் வள்ளி. பசித்த வயிற்றோடு விதைக்கிழங்கை மண்ணில் புதைக்கிற கட்டாயம் அதில் இருக்கிறது. இருபத்தைந்து கிராம் துண்டிலிருந்தே விதைக்கிழங்கு வளர்க்கும் முறையை உமுவாஹியாவுக்குப் பக்கத்திலுள்ள உமுடிகே கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பிறகு பரப்பியதற்குக் காரணம் இந்த நெருக்கடிதான்.

ஆகஸ்டில் புது வள்ளித் திருநாள். அதற்கு முன் புதுக்கிழங்கைத் தின்பது குற்றம். குடும்பத்தின் மூத்தவர் முதலில் வெட்டி, முன்னோருக்கும் வள்ளித் தெய்வமான அஹியாஜோகுவுக்கும் படைத்துத் தின்றால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். கிறிஸ்தவரான டீ அதைத் தேவாலயத்து நன்றிப் படையலாக மாற்றிக்கொண்டார். ஆனால் முதல் கிழங்கை யார் வெட்டுவது என்பதில் மாற்றமில்லை. அந்தத் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட பிள்ளைக்கு என்ஜோகு என்று பெயர் வைப்பது பழைய வழக்கம். இன்று அது பாதிரியார்கள் பலருக்கும் குடும்பப் பெயர்! 1979இல் இமோ மாநில அரசு தொடங்கிய அறிஞர் உரைத்தொடருக்கும் அஹியாஜோகு என்றே பெயர் சூட்டினார்கள்.

திருநாளுக்கு முன் நடக்கும் ஒரு நுட்பத்தை டீயிடம்தான் பார்த்தேன். மேட்டின் ஒரு பக்கத்தைக் கையால் விலக்கி, கொடியின் வேர் அறாமல், கழுத்துக்குச் சற்றுக் கீழே கிழங்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மண்ணை மூடுவார். கொடிக்குத் தெரிந்தாற்போலவே இருக்காது. டிசம்பரில் அந்தக் கழுத்தில் மறுபடி சிறுகிழங்குகள் கட்டியிருக்கும். அவை அடுத்த ஆண்டு விதை. பெரிய அறுவடை முடிந்ததும் கிழங்குகள் ‘ஓபா’ என்ற களஞ்சியத்துக்குப் போகும். அதற்குக் கூரையோ சுவரோ கிடையாது. ஊன்றிய பச்சைக் கொம்புகள் துளிர்விட்டு நிழல் தரும், அவற்றினிடையே நெடுங்கழிகளில் கிழங்குகளைப் பனையோலை நாரால் ஒவ்வொன்றாகக் கட்டி அடுக்குவார்கள். இருபது ஒரு ‘ஓகு’, நானூறு ஒரு ‘நு’. பெண் கேட்டு வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கும் முன் ஓபாவைப் பார்ப்பார்களாம். மருமகள்கூட அங்கே தானாகப் போய்க் கிழங்கு எடுப்பதில்லை. டீ எடுத்துக் கொடுத்தால்தான்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக. அது தந்தைவழிப் பங்காளிக் கூட்டமான உமுன்னாவுக்குள் சுழலும். மூத்த மகனுக்குத் தந்தையின் வீடு, மற்றது மகன்களுக்குள் பங்கு. காசு முட்டினால் விற்பதில்லை, ஒத்தி வைப்பார்கள். பேரன் காலத்திலும் பணத்தைக் கொடுத்து மீட்கலாம். அதனால் ஊர்க்கூட்டங்களில் பாதி நேரம் இறந்தவர்களின் ஒத்திக் கணக்கே ஓடும். மகள்களுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு எல்லா முற்றத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. நிலத்தில் கழுத்தொடிய உழைத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதைப் பார்த்தவனுக்கு இது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

போரைப் பற்றி டா ஒரே ஒருமுறை பேசினார். இக்போ பகுதி பயாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரிந்ததால் 1967இலிருந்து 1970 ஜனவரி வரை நடந்த போர். 1969 ஏப்ரலில் வீழும்வரை உமுவாஹியா பயாஃப்ராவின் தலைநகர். முற்றுகையில் உப்பும் மீனும் நின்றுபோய், புரதமில்லாமல் குழந்தைகள் வயிறு வீங்கிச் செத்தன. ‘விதைக்கிழங்கைத் தின்றோம்’ என்றார் டா. வேறெதுவும் சொல்லவில்லை. காட்டுக்குள் ஓடியிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கொல்லையில் உயிரோடு நின்றது மரவள்ளி மட்டும்தானாம்.

இப்போது என்ன நிலை என்றும் நீங்கள் கேட்பீர்கள். பையன்கள் பதினைந்து வயதில் ஆபாவுக்கோ ஓனிச்சாவுக்கோ லாகோஸுக்கோ வியாபாரம் பழகப் போகிறார்கள். சில ஆண்டுகள் உழைத்தால் முதலாளி கடை வைத்துக் கொடுப்பது இக்போ வழக்கம். கூலி கொடுத்து மேடு கட்ட யாருக்கும் கட்டுப்படியாவதில்லை. தரிசு என்பதே ஏறத்தாழ ஒழிந்துவிட்டது. வெளிநிலத்தில் மாடி வீடுகள் எழும்பிப் பூட்டிக் கிடக்கின்றன, கிறிஸ்துமஸுக்கு மட்டும் திறக்கும். அந்த ஜன்னலுக்கு எதிரே இருந்த பேரன்களில் ஒருவன் இப்போது லாகோஸில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். எப்போதாவது தொலைபேசியில் பேசுவான், இன்னும் ‘டீச்சர்’ என்றே கூப்பிடுகிறான். போன ஆகஸ்டில் ஊரில் புது வள்ளித் திருநாளாம். வெட்டிப் படைத்த கிழங்கு எங்கே விளைந்தது என்று கேட்டேன். பெனுவே மாநிலத்து சாக்கி பியாம் சந்தையிலிருந்து லாரியில் வந்ததாம். ஓபா இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது பயிர் நிற்கிறதா என்று கேட்டதற்கு, மரவள்ளி நிற்கிறது, அது அம்மா நட்டது என்றான்.